கழித்தல் கணக்கு

மே 19
மகப்பேறு விடுப்பு முடியப்போகிறது. இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கான சம்பளத்தை இவர் என் சம்பளத்துக்குக் கீழே எழுதிக் கழித்துவிட்டு, "இந்த மீதிக்காகவா நீ வேலைக்குப் போக வேண்டும்?" என்று கேட்டார். வாடகையும் கடன் தவணையும் வீட்டுச் செலவாக இருக்கும்போது இது மட்டும் எப்படி என் தனிச் செலவாயிற்று? வேலையை விட்டால் கூடவே போய்விடும் பணி மூப்பையும் ஊதிய உயர்வையும் அந்தத் தாளில் எங்கே எழுதுவது?

மே 21
இன்றும் ஆள் கிடைக்கவில்லை.

மே 24
ஓர் அக்கா வந்து பேசினார். கேட்ட சம்பளம் நாங்கள் ஒதுக்கியதைவிட அதிகம். நாங்கள் அவரை விசாரித்ததைவிட அவர் எங்களை விசாரித்ததே கூடுதல்: மாலை எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், தாமதமானால் தனியாகத் தருவீர்களா, நீங்கள் வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கடைசிக் கேள்விக்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னோம்.

மே 25
வீட்டுப் பணியாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கையைத் தேடிப் படித்தேன். வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, மாதத்துக்கு ஒருமுறையேனும் சம்பளம், வேலையின் நிபந்தனைகளைப் புரியும்படி, இயன்றவரை எழுத்து மூலமாக, தெரிவிப்பது என்றெல்லாம் அது சொல்கிறது. எனக்கு விடுப்புச் சம்பளம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அந்த மாதம் கைநெருக்கடியா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

மே 28
வெளியூர் போனாலும் சம்பளம் உண்டு, பாத்திரமும் துணியும் உங்கள் வேலை அல்ல என்று எழுதியே கொடுத்தோம். அக்கா சம்மதித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துவிட்டால் செலவு பாதியாகும் என்கிறார் இவர். இரண்டு குழந்தைகளை ஒரு குழந்தைக்கான கூலியில் பார்க்கச் சொல்வதற்குப் பெயர் சிக்கனமா? சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கி இரு வீட்டாரும் சரிபாதி போட்டால், எங்களுக்கு முக்கால் பங்குதான் வரும். அவருக்கும் பாதிச் சம்பளம் கூடும். கேட்டுப் பார்க்கலாம்.

ஜூன் 2
எடுத்து வைக்கும் தாய்ப்பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அக்கா பாட்டிலில் ஒட்டுப்பட்டையை ஒட்டி, பேனாவை என்னிடம் நீட்டி, எடுத்த நேரத்தை எழுதச் சொன்னார்.

ஜூன் 5
அவர் தோளில் குழந்தை அழாமல் தூங்கிவிட்டது. எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது?

ஜூன் 9
அலுவலகம் போய் வந்தேன். வேறெதையும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 11
பக்கத்து வீட்டார் ஒன்றரை மடங்குக்கு உடன்படவில்லை. முழுச் சம்பளமும் எங்கள் தலையில்தான். இன்று தாளை நான் எடுத்து, எங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதற்குக் கீழே அக்காவின் சம்பளத்தை எழுதினேன். பற்றாக்குறை ஒரு காசும் குறையவில்லை. இவர் ஒன்றும் பேசாமல், தன் வண்டிக் கடன் எந்த மாதம் முடிகிறது என்று கைப்பேசியில் தேடினார். நாளை அக்கா அரை மணி தாமதமாக வருவாராம். எங்களில் யார் அலுவலகத்தில் அனுமதி கேட்பது என்று இன்னும் முடிவாகவில்லை.