புனோம்பென் நாட்குறிப்பு: முகமூடியைக் கழற்றிய குரங்குகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

கம்போடியாவின் கெமர் அரசவை நடனத்தில் முக்கிய வேஷம் நான்கு: பெண், ஆண், அரக்கன், குரங்கு. உடல்வாகைப் பார்த்துச் சிறு வயதிலேயே ஆசிரியர் பிரித்துவிடுவார். பெரும்பாலும் ஆயுசுக்கும் அதே வேஷம்தான். நான் ஒத்திகை பார்க்கப் போகும் குழுவில் பையன்கள் எல்லோரும் குரங்குகள். இன்று நடன இயக்குநர் முகமூடியைக் கழற்றச் சொன்னார். குட்டிக்கரணம், தாவல், சொறிதல் எல்லாம் துல்லியம். முகத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நெடுநேரம் திணறிய பிறகு, மூத்தவன் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே கரணம் போட்டான். அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

மார்ச் 6, வியாழன்

வியாழன் குருவுக்கு உரிய நாள். முகமூடிகளை வரிசையாக வைத்து, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, வாழைப்பழம் படைத்துக் கும்பிட்டார்கள். புது நாடகம்தானே என்று யாரும் இதைத் தவிர்க்கவில்லை.

பூசை முடிந்ததும் மூத்த ஆசிரியை சியா சாமியைப் பற்றிப் பேசினார். சிறுமியாக அரண்மனைக் குழுவில் சேர்ந்தவர் சியா சாமி. அவர் வீட்டில் வளர்ந்த கொழுந்தன் சலோத் சார்தான் பின்னாளில் கெமர் ரூஜ் ஆட்சியின் தலைவனான போல் பாட். 1975 முதல் 1979 வரை அந்த ஆட்சியில் பத்தில் ஒன்பது கலைஞர்கள் மாண்டார்கள் என்பார்கள். பிழைத்த சியா சாமியும் மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாக நினைவிலிருந்து ஆடிக்காட்டி, ஒன்றுசேர்த்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று நான் பார்க்கும் ஒவ்வொரு விரல் வளைவும் அப்படி மீண்டு வந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஒத்திகை முடிந்து பெரிய வாக்குவாதம். நடனத்துக்கு வாசிக்கும் பின்பீட் இசைக்குழுவின் பெரியவர் ஒருவர், "இவ்வளவு பாடுபட்டு மீட்டதை ஏன் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. ஒருமுறை முழுதாக இழந்தவர்களுக்குச் சின்ன மாற்றமும் இழப்பாகத்தான் தெரியும்.

ஆனால் நான் இளையவர்கள் பக்கம். கம்போடிய நடனக் கலைஞர் சோஃபிலின் சியம் ஷபிரோ, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை 2000இல் 'சம்ரிதேச்சக்' என்று அரசவை நடனமாகவே ஆக்கினார். தான் செய்த கொலைக்குத் தானே பொறுப்பேற்றுத் தண்டனை கேட்கும் நாயகன், கெமர் ரூஜ் தலைவர்கள் அப்போதும் பொறுப்பேற்காத நாட்டில்! அதைச் சொல்ல அவருக்குக் கைகொடுத்தது பழைய அபிநயம்தான். இலக்கணம் உடம்பில் ஊறியவர்களால்தான் இப்படிப் புதிதாகப் பேச முடியும்.

மார்ச் 12, புதன்

பையன்களில் இருவர் இரவில் ஓட்டலில் ஆடப் போகிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் தினமும் அதே துண்டுக் காட்சி. வீட்டு வாடகை அதில்தான் போகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கலையை உறைய வைப்பது அந்த மேடைதான், ஒத்திகை அறை அல்ல.

மார்ச் 15, சனி

அரங்கேற்றம். கெமர் ராமாயணமான ரியாம்கேரில் அனுமன் கடலில் பாலம் கட்டும்போது, ராவணன் மகளான மச்சகன்னி சுவன் மச்சா கற்களைத் திருடுவாள். (கம்பனில் தேடினால் கிடைக்க மாட்டாள்.) சண்டை காதலாக முடியும். பையன்கள் அதை முகமூடியின்றி ஆடினார்கள், நடுநடுவே சொந்தக் கதையும் சொன்னார்கள். மூத்தவன் அப்பாவைப் பற்றிப் பேசிய இடத்தில் பின்வரிசையில் ஒரு அம்மா சத்தமாக அழுதார்.

முன்வரிசையில் இருந்த ஆசிரியை மேடைக்கு வந்து, முதலில் ஒருவனின் முழங்கை தாழ்ந்திருந்ததற்குத் திட்டினார். பிறகு, திங்கள் காலை சீக்கிரம் வரச் சொன்னார். மச்சகன்னி சண்டையைப் பழைய முழு நீளத்தில் சொல்லித்தரப் போகிறாராம்.