கத்திரி வெயிலும் ஒரு புல்வெட்டியும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி தொடங்கியது. போன வாரத்து மழைக்குச் சாளையை (தோட்டத்து வீட்டை) சுற்றிப் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. பாம்புப் பயம். மச்சாண்டார் வீட்டில் சும்மா கிடந்த பெட்ரோல் புல்வெட்டியை வாங்கி வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றுதான் தென்னை வரிசைக்குள் இறக்கினேன். 25 நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். மோர் குடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து இழுத்தால் ஒரே இழுப்பில் கிளம்புகிறது! மறுபடி இருபது நிமிடம். மறுபடி நின்றது.

"ஆள் விட்டு வெட்டிவிடலாமே" என்றார் வீட்டுக்காரர். ஆள் கிடைத்தால் நான் ஏன் இதைத் தள்ளிக்கொண்டு திரிகிறேன்?

மே 6, செவ்வாய்

எந்திரத்தைக் குட்டி லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குப் போனேன். சந்தை நாளில் போனது என் புத்திக்குறைவு. மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து பட்டறை சேரவே ஒரு மணி நேரம். எஞ்சின் ஆறித்தான் இருந்தது. மெக்கானிக் ஒரு முறைதான் இழுத்தார், பட்டுப்போல ஓடியது. நிழலில், புல்லே இல்லாத சிமெண்ட் தரையில், பத்து நிமிடம்.

"இதில் ஒரு குறையும் இல்லைங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, பொறி தரும் பிளக்கைப் புதிதாக மாட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார். 600 ரூபாய்.

மே 7, புதன்

24 நிமிடம். புது பிளக்குக்கு மரியாதையாக ஒரு நிமிடம் குறைவு.

மே 8, வியாழன்

மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்தேன். சண்டை போடத்தான் கூப்பிட்டேன். அவர் கேட்ட கேள்வியில் வாயடைத்துப்போனது. "நிற்கும்போது எப்படிங்க நின்றது? தேம்பித் தேம்பியா, பட்டென்றா?"

மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, இதைக் கவனிக்கவில்லை. தேம்பி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வருவதில் கோளாறு. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும் என்றார். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், அது அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது, முதலில் அதைப் பாருங்கள் என்றார்.

சாயந்திரம் பார்த்தேன். பாதி டேங்க் மட்டும் ஊற்றி, மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினேன். (சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சிந்தினால் என்ன ஆகும் என்பது தெரியும், அதனால் சமதரையில் மட்டும்.) 26 நிமிடத்தில் நின்றது. பட்டென்றுதான் நின்றது. மூடி நிரபராதி.

மே 9, வெள்ளி

பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மேல்கூட்டைத் திறந்தேன். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலில் இருக்கும் விசிறி காற்றைத் தள்ள, சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகள் வழியாகச் சூடு வெளியேற வேண்டும். அந்தத் தகடுகளே தெரியவில்லை! காய்ந்த புல்லும் தேங்காய் நார்த் தூளும் எண்ணெயில் ஊறி அப்பிக் கிடந்தன. ஒரு மூலையில் குளவிக் கூடு வேறு. ஈர்க்குச்சியும் பழைய பல்துலக்கியும் கொண்டு இரண்டு மணி நேரம் சுரண்டினேன். மச்சாண்டார் வீட்டில் இதை யாரும் ஒருநாளும் திறந்ததில்லை. அதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

மாலையில் 38 நிமிடம் ஓடியது. குணமாகிவிட்டது என்றே நினைத்தேன், 39ஆவது நிமிடம் வரை.

மே 10, சனி

மழை. வேலை இல்லை.

மே 12, திங்கள்

இந்த வியாதி சூட்டில்தான் இருக்கிறது. ஆறிய பிறகு எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் நல்ல பிள்ளையாக ஓடும். ஆகவே, நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். மகளுக்குப் பள்ளி விடுமுறை. பழைய பிளக்கைக் கையில் கொடுத்துக் கூடவே நடக்க வைத்தேன்.

41ஆவது நிமிடம் பட்டென்று நின்றது. எஞ்சினில் இருந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, அதன் தொப்பியை மட்டும் பிடுங்கிப் பழைய பிளக்கில் மாட்டி, சிலிண்டர் உலோகத்தில் சாய்த்துவைத்தோம். நான் கயிற்றை இழுத்தேன். "ஒன்றும் வரவில்லை அம்மா." மறுபடி இழுத்தேன். பொறியே இல்லை. நிறுத்தும் சுவிட்சின் வயர் எங்காவது தேய்ந்து எஞ்சின் உடம்பில் படுகிறதோ என்று அதையும் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அரை மணி நேரம் கழித்து அதே பிளக்கில் நீலப் பொறி பளிச்சென்று வெட்டியது.

அப்படியென்றால் கோளாறு, பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் கம்பிச் சுருளான 'காயி'லில்தான். மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. உள்ளே எங்கோ மயிரிழை விரிசல் விட்டிருக்க வேண்டும். சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் நின்றதும் விசிறியும் நின்றுவிடுவதால், சிலிண்டர் சூடு முழுவதும் காயில்மேல்தான் ஏறுகிறது. உடனே கிளம்பாததற்கு அதுதான் காரணம்.

இரவு, சும்மா இருக்க முடியாமல், காயிலைக் கழற்றி மேசைமேல் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். குளிர்ச்சியில் மின்தடை ஏழாயிரம் ஓம் அருகே காட்டியது. மகளின் ஹேர் டிரையரால் சூடு காட்டக் காட்ட, திடீரென்று தொடர்பே அறுந்தது. இருவரும் கைதட்டினோம். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எங்களைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

மே 13, செவ்வாய்

மறுபடி சந்தை நாள், மறுபடி என் புத்திக்குறைவு. ஹேர் டிரையரையும் பையில் கொண்டுபோனேன். மெக்கானிக் சிரிக்காமல் பார்த்தார். "அடுத்த முறை வண்டி வந்தால் நானும் இப்படிப் பார்க்கிறேனுங்க" என்றார். புதுக் காயில் 850 ரூபாய். பிளக் காசைக் கழித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கழிக்கவில்லை.

மே 14, புதன்

காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்த எஞ்சினின் கையேடு. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் என்னிடம் சொந்தமாக இல்லை. வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் இருபது இருக்கின்றன. பட்டறையிலிருந்து கேஜை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்ததால், அட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரியான கனத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இனி அதுதான் என் கேஜ். இடையில் வைத்தேன், காந்தமே காயிலை இழுத்துப் பிடித்துக்கொண்டது. திருகை முறுக்கி அட்டையை உருவினேன். மணமக்கள் நீடூழி வாழட்டும்.

மே 15, வியாழன்

40 நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. மகள் பழைய பிளக்கோடு பின்னாலேயே வந்தாள், கிணற்று மேட்டு வரிசை வரைக்கும். அங்கே நின்றுவிட்டது. அவள் ஓடி வந்து தொப்பியைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"எப்படி நின்றது?" என்றேன்.

யோசித்தாள். "தேம்பித் தேம்பி."

டேங்க் மூடியைத் திறந்தோம். ஒரு சொட்டு இல்லை.