அடப்பாற்றுக்கு எப்போது

ஜூன் 9, திங்கள்
கும்பகோணத்தில் மாமா வீடு. கட்டில் ஒத்துவரவில்லை. தரையில் படுத்தேன். விடிவதற்குள் எழுந்து பாயைச் சுருட்டிவிட்டேன்.

ஜூன் 10
மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. யாரும் அசையவில்லை. நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நீ ஏம்மா ஓடுற?" என்றார்.

ஜூன் 12, வியாழன்
மேட்டூர் திறந்தாச்சு. டிவியில் பூத் தூவினார்கள். அப்பா இருந்தால் விரலை மடக்க ஆரம்பித்திருப்பார். கல்லணைக்கு மூணு நாள், அப்புறம் அடப்பாறு, அப்புறம் நம்ம வாய்க்கால். கடைசி விரலை மட்டும் மடக்காமல் வைத்திருப்பார். கடைமடைக்காரன் அந்த விரலை நம்பக்கூடாதாம்.

ஜூன் 13
பள்ளிக்கு ஷூ. அட்டைப் பெட்டியில் விலை ஒட்டியபடியே இருந்தது: 1,899. அத்தை கிழிக்க மறந்தாரா, நான் பார்க்கட்டும் என்று விட்டாரா? அம்மா எத்தனை நாள் உப்பு வாரினால் இது வரும் என்று நோட்டில் கணக்குப் போட்டேன். போட்டதை அழித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு
கல்லணையும் திறந்தாச்சு.

ஜூன் 19
பெரிய தப்பு நடந்துவிட்டது. ஊரிலிருந்து துணிப்பையில் கொண்டுவந்த கல் உப்பை அலமாரியில் அக்கா துணிகளுக்கு மேலே வைத்திருந்தேன். அது நீர்த்துச் சொட்டி, அக்காவின் பட்டுப்பாவாடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதெல்லாமா கொண்டு வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அத்தை பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். உப்புக்கு என்ன வாசனை? ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனார். குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இந்த வீட்டில் மேஜைமேல் ஓட்டை போட்ட குப்பியில் பொடி உப்பு இருக்கிறது. உப்பைத் தூவுகிறார்கள். போடுவதில்லை.

ஜூன் 20
சாம்பாரில் உப்பே இல்லை. கேட்கவில்லை.

ஜூன் 25
காவிரியில் தண்ணீர்! பள்ளி விட்டதும் பகவத் படித்துறைக்கு ஓடினேன். மேலே நுரையும் சருகுமாக, செம்மண் நிறத்தில் போகிறது. செருப்பைக் கழற்றி இரண்டு படி இறங்கி, "போய்ச் சேரு" என்றேன். பைத்தியம்தான்.

ராத்திரி மாமாவிடம், இது எங்கள் ஊர் போக எத்தனை நாளாகும் என்று கேட்டேன். சிரித்தார். "இது காவிரிம்மா. இது பூம்புகார் பக்கம் போயிடும். உங்க பக்கத்து அடப்பாற்றுக்கு வெண்ணாற்றுத் தண்ணி. கல்லணையிலேயே பிரிஞ்சிடும்."

கல்லணையிலேயே. அதற்கப்புறம் வழியில் எங்கேயும் சேராதாம். இத்தனை நாளும் வேறொரு ஆற்றுக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 26
பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

ஜூலை 8
பாத்திரக்கடைக்கு வந்த ஒருவரிடம் மாமா என்னைக் காட்டி, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். அவர் என் காலைப் பார்த்தார். ஷூ போட்டிருந்தேன். நல்லவேளை.

ஜூலை 17
ஆடி பிறந்தது. அலமாரியில் துணி அடுக்கும்போது இன்னும் கை கூசுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. படித்துறையில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. அத்தை என் கழுத்திலும் கட்டினார். ஊரிலிருந்து பக்கத்து வீட்டுச் சித்தி போன் செய்தது. வாய்க்கால் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், சித்தி வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 4
தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் விளக்கு இல்லை. அத்தை நின்றுகொண்டிருந்தார், கையில் பீங்கான் ஜாடி. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். என் பையின் சுருக்குக் கயிறு ஜாடியின் கழுத்தில் கட்டியிருந்தது.

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 5
இன்றைக்கு சாம்பாரில் உப்பு