வணிக வளாகங்களில் பாலூட்டும் இடம்

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் என்பதால், கைக்குழந்தையுடன் வணிக வளாகத்துக்குச் செல்லும் தாய், அங்கே ஒருமுறையாவது பாலூட்ட நேரிடும் என்பதை அதைக் கட்டுபவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். 2015 ஆகஸ்டிலேயே தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவற்றின் பராமரிப்பைப் பற்றிக் குறை சொல்லலாம். ஆனால் அந்த எண்ணமாவது அரசுக்கு இருந்தது.

சென்னையில் நான் அடிக்கடி செல்லும் வளாகமொன்றில், குழந்தைகள் அறை என்று பலகை மாட்டிய இடம் கழிப்பறைக்குள்ளேதான் இருக்கிறது. அங்கே டயப்பர் மாற்றும் மேசை உண்டு, முதுகைச் சாய்த்து அமர ஒரு நாற்காலி இல்லை. கழிப்பறையில் அமர்ந்து நாம் யாரும் சாப்பிடுவதில்லை, குழந்தையை மட்டும் ஏன் சாப்பிடச் சொல்கிறோம்?

இப்போதைக்கு எனக்குக் கைகொடுப்பவை துணிக்கடைகளின் உடைமாற்றும் அறைகள்தாம். கூட்டமில்லாத வார நாள் முற்பகலில், விற்பனைப் பெண்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரு முக்காலியையும் தேடிக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள்.