போ லின் மடத்துச் சாப்பாடு

ஹாங்காங் போய்ச் சைவச் சாப்பாட்டுக்கு அலைகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லாண்டாவ் தீவிலிருக்கும் போ லின் என்ற பௌத்த மடத்தைத்தான். ஊருக்குள் வெறும் கீரை கேட்டால்கூட மேலே சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள், சூப்பில் எலும்பு போட்டார்களா என்று சைகையில் விசாரித்து முடிப்பதற்குள் பசியே அடங்கிவிடும். மடத்தில் அந்த வம்பே இல்லை. மீன், கறி, முட்டை எதுவும் உள்ளே வராது.

துங் சுங் ரயில் நிலையத்திலிருந்து கேபிள் காரில் போகலாம், 5.7 கிலோமீட்டர், கீழே கடலும் மலையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விடுமுறை நாளில் அந்த வரிசையைப் பார்த்தாலே கால் வலிக்கும். நாங்கள் 23ஆம் எண் பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஆக்டோபஸ் கார்டை, அதாவது முன்பணம் போட்டு வைக்கும் பயண அட்டையைத் தட்டினால் போதும், முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறுகிறது.

1906இல் மூன்று துறவிகள் குடிசை போட்டு ஆரம்பித்த இடம் இது. இன்று கூட்டம் வருவது 1993இல் முடிந்த வெண்கலப் புத்தருக்காக. 34 மீட்டர் உயரம், ஏறிப் போக 268 படி. வெயிலில் மூச்சு வாங்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுப் பக்கம் மாடுகள் தம் பாட்டுக்குத் திரியும், யாரும் விரட்டுவதில்லை. அதைப் பார்த்ததும் என் மாமியாருக்கு ஊர் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

சரி, சாப்பாடு. சீட்டு வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் போனால் வட்ட மேஜை, பெரிய கிண்ணத்தில் சூப், அப்புறம் ஒவ்வொரு தட்டாக நடுவில் வந்து உட்காரும். எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டியதுதான். எங்களுக்கு வந்தது ஸ்பிரிங் ரோல், தோஃபு என்கிற சோயா பனீர், காளான் போட்ட கீரை, சோறு. இதில் காளான் கீரையைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கறுத்த தடிமனான காளான், கடித்தால் உள்ளிருந்து சாறு வருகிறது, அந்தக் குழம்பு முழுக்கக் கீரைத் தண்டில் ஏறியிருக்கிறது. இதில் வெங்காயமும் பூண்டும் துளிகூட இல்லை என்பதை மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். சீன பௌத்த மடங்களில் வெங்காயம், பூண்டு வகையறாவைச் சேர்ப்பதில்லை. பச்சையாகத் தின்றால் கோபத்தையும் வேகவைத்துத் தின்றால் காமத்தையும் கிளப்பும் என்று அவர்களுடைய சூத்திரத்திலேயே இருக்கிறதாம். ஏகாதசிக்குச் சமைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உப்பு, காரம் நம் நாக்குக்குக் குறைச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். பையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது, ஆனால் மடத்துக்குள் பூண்டு ஊறுகாயைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. என் பையனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தான்.

சாதாரணம், ஸ்பெஷல் என்று இரண்டு விலையில் சீட்டு உண்டு. ஸ்பெஷலுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. சாதாரணத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. அவ்வளவு சாப்பாடு வேண்டாம் என்றால் பக்கத்திலேயே சிற்றுண்டி கவுண்டர் இருக்கிறது, வறுத்த நூடுல்ஸ், இனிப்புப் பலகாரம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். தோஃபு ஃபாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இளநீர் வழுக்கை மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற சோயா, மேலே சர்க்கரை. நூடுல்ஸைத் தொடாத என் பையன் இதை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினான். கேபிள் கார் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் மட்டும் பசியோடு மாட்டிக்கொள்ளாதீர்கள், அங்கே எல்லாம் சுற்றுலா விலை.