அம்மா பிடித்த சிவப்பு மீன்

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஹாஃப் மூன் பே பக்கம் பில்லர் பாயின்ட் துறைமுகத்துக்குப் போனோம். விடிந்ததும் படகு. கலிஃபோர்னியாவில் 16 வயதுக்குக் கீழே மீன்பிடி உரிமம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒருநாள் உரிமம் எடுத்தேன்.

வாந்தி மாத்திரையை நீட்டினால், "தூத்துக்குடிக்காரனுக்கா?" என்று அப்பா சிரித்தார். அலைதடுப்பைத் தாண்டி அரை மணியில் படகு ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், உப்பளத்தில் கணக்கெழுதியவர்; கடலுக்குள் போனதே இல்லை.

ஈயக்குண்டு தரை தொட்டதும் இரண்டு சுற்று மேலே இழுக்கணும், இல்லாவிட்டால் பாறையில் சிக்கிவிடும் என்றார் படகுக்காரர். அம்மாதான் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். முதல் மீனே செக்கச்செவேலென்று வெர்மிலியன் ராக்ஃபிஷ். ஆழத்திலிருந்து மேலே வந்ததில் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கியிருந்தது. மகள் அந்தப் பக்கமே வரவில்லை. அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, "சங்கரா மாதிரிதான் இருக்கு" என்றார், என்னவோ சந்தையில் நிற்பதுபோல.

திரும்பும் வழியில் படகு ஆள் சதையை மட்டும் அறுத்தெடுத்துப் பையில் போட்டபோதுதான் பிரச்சினை. "தலையை எதுக்குல கடல்ல போடுதான்?" என்றார் அம்மா.

இரண்டு தலைகளை மீட்டோம். ராத்திரி புளிக்குழம்பு. அப்பாவுக்கு மட்டும் ரசம்.