நூற்றைம்பது எப்படிப் பதினொன்றாகிறது

டிசம்பர் 13, 14 தேதிகள் நெருங்கினால் போதும், ஜெமினிட் பொழிவில் 'மணிக்கு 150 எரிநட்சத்திரங்கள்' என்று செய்தி வந்துவிடும். அதை நம்பி மொட்டைமாடியில் படுத்தவருக்கு ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தாலே பெரிது. செய்தி பொய்யில்லை, அவர் கண்ணிலும் கோளாறில்லை. அந்த 150 என்பது இசட்.எச்.ஆர். என்கிற கணக்கு எண். எரிகற்கள் புறப்பட்டு வருவதாகத் தோன்றும் புள்ளிக்கு ரேடியன்ட் என்று பெயர். அது நேர் தலைக்கு மேலே இருந்து, 6.5 மேக்னிட்யூட் நட்சத்திரம் வரை வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால், ஒருவர் எத்தனை பார்ப்பார் என்பதே அந்த எண். (மேக்னிட்யூட் என்பது வெளிச்சத்தின் அளவு. அது கூடக் கூட நட்சத்திரம் மங்கல்.)

நம் வானத்துக்கு இதை மாற்றிக்கொள்வது சுலபம். ரேடியன்ட் இருக்கும் உயரத்தின் சைன் மதிப்பால் பெருக்குங்கள். 30 பாகை என்றால் பாதி, அதாவது 75. அடுத்து இருட்டு. குறைகிற ஒவ்வொரு மேக்னிட்யூடுக்கும் ஜெமினிட் எண்ணிக்கையை ஏறத்தாழ 2.6 ஆல் வகுக்க வேண்டும். 4.5 வரை மட்டுமே தெரியும் புறநகர் வானத்தில் இரண்டு மேக்னிட்யூட் போய்விட்டது, 75ஐ 6.76 ஆல் வகுத்தால் 11. அதே இரவில் ரேடியன்ட் 60 பாகை ஏறும்வரை காத்திருந்து, 6 வரை தெரிகிற இடத்தில் நின்றால் சுமார் 80. இந்த வித்தியாசத்தை எந்தக் கருவியும் தராது.

ஜெமினிட் ரேடியன்ட் காஸ்டர் நட்சத்திரத்தின் அருகே இருப்பதால் முன்னிரவிலேயே எழுந்து, இரவு இரண்டு மணி வாக்கில் உச்சத்துக்கு வரும். ஆகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சியிடுக்கு நள்ளிரவு தாண்ட வேண்டும். ஜனவரி தொடக்கத்துக் குவாட்ரன்டிடின் உச்சம் சில மணி நேரமே. அது நமக்குப் பகலில் விழுந்தால் அந்த வருடத்தை மறந்துவிடலாம். முழுநிலவு இருந்தால் எல்லாப் பொழிவுக்கும் அதே கதி.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். கைப்பேசியை ஒருமுறை எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ரேடியன்டையே முறைத்துப் பார்க்காதீர்கள். அங்கே கற்கள் நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாகத்தான் தெரியும். அதிலிருந்து 40 பாகை தள்ளி, தரையிலிருந்து 50, 60 பாகை உயரத்தைப் பாருங்கள். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் ரேடியன்டில் சேர வேண்டும். சேராவிட்டால் அது தனிக்கல். வேகமும் துப்புச் சொல்லும்: ஜெமினிட் வினாடிக்கு 35 கி.மீ., பெர்சியிட் 59, நவம்பர் லியோனிட் 71. குறிப்பேட்டில் குனிந்து எழுதும் நேரத்தில்தான் நல்ல கல் விழும் என்பது எழுதப்படாத விதி, ஆகவே குரல்பதிவு மேல்.

படமெடுக்க 14 முதல் 24 மி.மீ. வரையிலான லென்ஸ், எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, 15 வினாடிப் படங்கள் இடைவிடாமல். பலர் கோட்டைவிடுவது, நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைக்காமல் விடுவதில். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரத்துக்கு இருட்டுப் படம் ஒன்றை எடுப்பதால், பாதி இரவு கேமரா குருடாகவே இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இன்னொரு எதிரி பனி. லென்ஸைச் சுற்றி வெப்பப்பட்டை கட்டாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் புகைமூட்டம்.

வால்நட்சத்திரத்தில் எண் வேறு விதமாக ஏமாற்றும். '7 மேக்னிட்யூட்' என்றால் அதன் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் கிடைக்கும் மதிப்பு. நிஜத்தில் அந்த ஒளி முழுநிலவில் பாதியளவுக்குக்கூடப் பரவிக் கிடக்கலாம். அதே எண்ணுள்ள நட்சத்திரம் பைனாகுலரில் பளிச்சென்று தெரிய, இது கண்ணிலேயே படாது. 10x50 பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். முக்காலியை லேசாகத் தட்டினால் அசையும் மங்கல் கண்ணுக்குப் பிடிபடும். சூரியனுக்கு அருகே இருக்கும் வால்நட்சத்திரத்தை, சூரியன் முழுதாக மறையும் முன் பைனாகுலரால் துழாவவே கூடாது.

முன்கணிப்பையும் அரை மனதோடு நம்புவதே சரி. பெரிதாகப் பேசப்பட்ட ஐசான் வால்நட்சத்திரம், 2013 நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே சிதைந்துபோனது. பிரகாசத்தை நீங்களே மதிப்பிட ஒரு வழி உண்டு. வால்நட்சத்திரத்தின் தலை ஃபோகஸில் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்று மனதில் வையுங்கள். பிறகு மேக்னிட்யூட் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை, ஒன்று அதைவிடப் பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்கும்படி தேர்ந்துகொண்டு, அதே அளவு வட்டமாகும் வரை ஃபோகஸைக் கலைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் வால்நட்சத்திரத்தின் உயரத்திலேயே இருக்கட்டும். அடிவானத்தை ஒட்டிய காற்று ஒளியை விழுங்கிவிடும்.